எங்கள் வாசல் சிமென்ட்

ஆகஸ்டு 12, செவ்வாய்.

சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்த மூன்று மாதமும் எங்கே போனாலும் நடந்தே போனேன். இங்கே சித்தூரில் சர்ச்சுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏழு முறை நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கினேன். பைக், பூக்கடை, டிரான்ஸ்பார்மர். வழியெல்லாம் முனிசிபாலிட்டியைத் திட்டிக்கொண்டே நடந்தேன். கூட வந்த பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா கோலை ஊன்றி நின்றார்.

"தெனமும் நான் மொதல்ல ரோட்ல எறங்கறது உங்க வூட்டாண்டதாம்மா. கார் ஏத்தறதுக்கு நடபாதை மேல சரிவா சிமென்ட் போட்டுக்கினீங்களே, அதுல கோல் வழுக்குது."

இடித்துவிடலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "தெருவுல எல்லாரும் இடிக்கட்டும், அப்பறம் பாக்கலாம்" என்று டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது? அந்தச் சிமென்ட் போட்ட புதிதில் வெடிக்கக் கூடாதென்று தினமும் தண்ணீர் ஊற்றியவள் நான்தான்.