மடிக்கணினியைச் செல்வி எழுப்பிய கதை

என் அன்புத் தம்பி மயிலு,

நீ போன பிறகு வந்த இரண்டாவது ஆயுத பூஜையும் முடிந்துவிட்டது. பட்டறையை மூடவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், எங்கே இருந்தாலும் நீ முதலில் கேட்பது இதைத்தான். பீளமேட்டில் உன் மோட்டார் பட்டறை இன்றைக்கும் காலை ஒன்பது மணிக்குத் திறக்கிறது. திறப்பது உன் மனைவி செல்வி. எரிந்துபோன மோட்டாருக்குப் புதிதாகக் கம்பி சுற்றுவதும் அவள்தான். நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

இந்தக் கடிதம் என் மடிக்கணினியைப் பற்றியது. போன மாதம் அது படுத்துக்கொண்டது. நீ இருந்திருந்தால் அடுத்த நிமிடம் அதன் முதுகில் திருப்புளியை வைத்திருப்பாய். அதனால், நீ இல்லாதது அந்த ஒரு விஷயத்தில் நல்லதாகப் போயிற்று என்றுகூடச் சொல்லலாம். கோபித்துக்கொள்ளாதே.

உனக்குக் கவிதாவைத் தெரியாது. உடுமலைப்பேட்டைக்காரி, முப்பத்திரண்டு வயது, பிறவியிலேயே பார்வை இல்லை. அங்கே ஒரு மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கிற வேலை பார்க்கிறாள். பள்ளி ஆசிரியர் ஆக வேண்டும் என்று தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் உள்ள எழுத்தையெல்லாம் அவளுடைய கைபேசியே வாசித்துக் காட்டிவிடுகிறது. ஆனால் படம் வந்தால் அது வாயை மூடிக்கொள்கிறது. அறிவியல் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் படம்தானே? "படத்தைப் பார்" என்று போட்டிருந்தால் அவள் எதைப் பார்ப்பாள்?

அந்தப் படங்களை நான் வாயால் வரைய ஆரம்பித்தேன். முப்பத்தைந்து வருடம் கரும்பலகையில் வரைந்தவளுக்கு அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. குவிலென்சு எப்படி இருக்கும்? முழு மைசூர்ப் பருப்பைக் கையில் எடுத்துத் தடவிப் பார், இரண்டு பக்கமும் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்திருக்கும், அதுதான். குழியாடி? பணியாரக் கல்லின் ஒரு குழியில் விரலை விட்டுப் பார். இப்படி ஒவ்வொரு பாடமாகப் பேசி மடிக்கணினியில் பதிவு செய்தேன். மொத்தம் பதினாறு பாடங்கள், இரண்டு மாத வேலை.

அதில் இரண்டைத்தான் அவளுக்கு அனுப்பியிருந்தேன். மீதிப் பதினான்கும் என்னிடமே இருந்தன. ஏன் என்று கேட்கிறாயா? உனக்குத் தெரியாததா? விடைத்தாளை இரண்டு முறை பார்க்காமல் நான் என்றைக்காவது திருப்பிக் கொடுத்திருக்கிறேனா? ஓரிடத்தில் இருமியிருந்தேன், ஓரிடத்தில் குக்கர் விசில் அடித்தது, ஓரிடத்தில் விழித்திரை என்பதற்குப் பதிலாக விழிவெண்படலம் என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் திருத்திவிட்டு ஒரே கட்டாக அனுப்பலாம் என்றிருந்தேன். வேறு இடத்தில் ஒரு நகல்கூட எடுத்து வைக்கவில்லை.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், 'புதிய பதிப்பு தயார், இப்போதே மேம்படுத்தலாமா' என்று திரையில் கேட்டது. சரி என்று அமுக்கினேன். கொஞ்ச நேரம் ஓடியது. தானாகவே அணைந்து மறுபடி எழுந்தது. எழுந்ததும் வழக்கமான திரை வரவில்லை. நீல நிறத்தில் ஒரு பட்டியல் வந்தது, முழுக்க ஆங்கிலம். கூடவே 'பிப் பிப்' என்று விடாமல் ஒரு சத்தம். அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே நீலம், அதே சத்தம். சார்ஜரைப் பிடுங்கினேன், மாட்டினேன். பத்து நிமிடம் ஆறப்போட்டுப் பார்த்தேன். எத்தனை முறை எழுப்பினாலும் வாசலைத் தாண்டி உள்ளே விடமாட்டேன் என்று நின்றுகொண்டது.

மறுநாள் காலை காந்திபுரத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் நல்ல கூட்டம். அந்தத் தம்பி ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்தார்.

"எப்ப இருந்துங்கம்மா இப்படி?"

"நேத்து மேம்படுத்தச் சொல்லிக் கேட்டுச்சு. செரின்னேன். அப்பறம்தான்."

"அதானுங்க. அப்டேட் பாதியில கெட்டுப்போச்சுங்க. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தோணும்."

"உள்ள இருக்கறது?"

"அது போயிருமுங்க. வேணும்னா டிஸ்க்கைக் கழட்டி, எடுத்துக் குடுக்கற ஆளுக்கு அனுப்பலாம். பதினஞ்சு நாளாகுமுங்க."

பதினைந்து நாள். தேர்வுக்கு இருந்ததோ எட்டு நாள். "யோசிச்சுச் சொல்றனுங்க" என்று மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பேருந்தில் உட்கார்ந்தே கவிதாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். குரல் இறங்கிப்போய்ச் சொன்னாள்: "பரவாயில்லீங்க டீச்சர். நீங்க அனுப்புன ரெண்டு பாடமும் நல்லாக் கேட்டுக்கறனுங்க. அது போதுமுங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், மயிலு. பதினாறில் இரண்டு எப்படிப் போதும்? பதினான்கையும் திரும்பப் பேசிப் பதிந்துவிடலாம்தான். நான் பேசி முடிக்கும்போது தேர்வும் முடிந்திருக்கும்.

பீளமேட்டில் இறங்கியதும் கால் தானாகவே பட்டறைப் பக்கம் போயிற்று. செல்வி ஒரு பம்பு மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கிரீஸ். அழுத முகத்தோடு நாத்தனார் வந்து நிற்பதைப் பார்த்ததும், நாற்காலியைக் காலாலேயே இழுத்துப் போட்டாள்.

"என்னாச்சுங்க நங்கையா? ஆரு என்ன சொன்னாங்க?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். கவிதா, மேம்பாடு, நீலத் திரை, காந்திபுரம். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"சித்த இருங்க. சொல்லாதீங்க. அது என்ன பண்ணுதுன்னு போட்டுக் காட்டுங்க."

"உனக்கு இதெல்லாம் தெரியுமா அம்மணி?"

"தெரியாதுங்க. இதுல கம்பி சுத்தற காயில் எங்க இருக்குதுன்னே தெரியாது. போடுங்க, பாக்கலாம்."

போட்டேன். நீலம், பிப் பிப். அணைக்கச் சொன்னாள். மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது முறை அவள் திரையைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்துக் காதை மட்டும் கிட்டே கொண்டுபோனாள்.

"இதுக்கு முன்னால எப்பங்க இதைய முழுசா அணைச்சீங்க?"

யோசித்தேன். நான் அதை அணைப்பதே இல்லை. வேலை முடிந்தால் மூடியை மூடி வைப்பதோடு சரி. "ஆயுத பூஜைக்கு அணைச்சது. அப்பறம் அணைக்கவே இல்லை."

"அப்ப, அன்னிக்கு இருந்தே கெட்டுக் கெடந்திருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதில்லீங்க? நேத்துத்தான அது மொதல்ல இருந்து எந்திரிச்சிருக்குது?"

இது எப்படி எனக்குத் தோன்றாமல் போயிற்று? வகுப்பில் சத்தம் கேட்டால் கடைசியாக உள்ளே நுழைந்த பிள்ளையைத்தான் நான் முதலில் முறைப்பேன். பாதி நேரம் சத்தம் போட்டவன் முன் பெஞ்சில் சாதுவாக உட்கார்ந்திருப்பான். கடைசியாக வந்தது மேம்பாடு. நான், கடைக்காரத் தம்பி, எல்லோரும் அதன் காதையே பிடித்துத் திருகிக்கொண்டிருந்தோம்.

செல்வி பழைய துணியில் கையைத் துடைத்தாள். "மோட்டார் ஸ்டார்ட்டர்ல பொத்தான் அமுங்கிக் கெடந்தா இப்படித்தானுங்க. நாம விட்டுட்டமுன்னு நெனப்போம், அது இன்னும் அமுக்கிட்டே இருக்காங்கன்னு நெனச்சுக்கும்." சார்ஜரைக் கழற்றி மடிக்கணினியை அணைத்தாள். பிறகு ஒவ்வொரு விசையாக நுனிவிரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். அமுக்கவில்லை, தடவினாள். கீழ் வரிசை, நடு வரிசை, எண் வரிசை. எல்லாவற்றுக்கும் மேலே உள்ள வரிசையில் எஃப்-2 என்று எழுதிய விசையில் விரல் நின்றது.

"இது மட்டும் எந்திரிக்கலீங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். விசையின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பத்து நாளாகவே, ஒரு கோப்பைத் தொட்டால் அதன் பெயரை மாற்றட்டுமா என்று கேட்பதுபோல அந்தப் பெயர் தானாக நிறம் மாறி நிற்கும். அது இந்த விசையின் வேலை. எழும்போது இதை அமுக்கிப் பிடித்தால் வருவதுதான் அந்த நீலப் பட்டியலாம். என் விரல்தான் நடுங்குகிறது, வயதாகிவிட்டது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செல்வி அந்த மஞ்சளை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தாள். அடுத்த நொடி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ சாமி! இது நான் வெச்ச சந்தனமுங்க!"

நடந்தது இதுதான், மயிலு. ஆயுத பூஜையன்று பட்டறையில் எல்லாக் கருவிகளையும் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். "உங்க தொழிலுக்கு ஆயுதம் இதுதானுங்களே நங்கையா" என்று என் மடிக்கணினியையும் வாங்கி, ஸ்பேனருக்கும் துளை போடும் எந்திரத்துக்கும் நடுவில் வைத்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. திறந்து வைத்து மேல் ஓரத்தில் வரிசையாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். நல்ல தாராளமாக, நல்ல குழைவாக.

"துளை போடற எந்திரத்துக்கு வெக்கற மாதிரியே அப்பிப்போட்டனுங்க. அது தாங்கும். இது சின்னப் பிள்ளையாட்டம், மூச்சு முட்டிப்போச்சு."

"சாமிக்குச் செஞ்சது அம்மணி. குத்தம் ஒண்ணுமில்லை."

"சாமி கோவிச்சுக்காதுங்க. அந்த உடுமலைப் புள்ள கோவிச்சுக்குமே?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அவள் தின்னர் பாட்டிலை எடுத்தாள். நான் எட்டிக் கையைப் பிடித்தேன். தின்னர் பட்டால் விசையே உருகிவிடும், இதுகூடத் தெரியாவிட்டால் நான் என்ன வேதியியல் வாத்தியார்? பக்கத்து மருந்துக் கடையில் ஊசி போடும்போது துடைப்பார்களே, அந்த ஸ்பிரிட்டை வாங்கி வந்தேன். காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தொட்டு அவள் துடைத்தாள். மோட்டாருக்குள் முடிபோன்ற கம்பியைச் சுற்றுகிற விரல் அது. கால் மணி நேரத்தில் விசை 'டக்' என்று மேலே வந்தது.

காயட்டும் என்று அரை மணி நேரம் விட்டோம். அந்த அரை மணி எனக்கு எப்படிப் போனது என்று கேட்காதே. செல்வி டீ வாங்கி வந்தாள், என் டீ ஆறி ஆடை கட்டியது. பிறகு போட்டேன். சத்தமில்லை. நீலமும் இல்லை. சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. நின்ற இடத்திலிருந்து மேம்பாடு தொடர்ந்து ஓடி, முடிந்தேவிட்டது. பதினான்கு பாடங்களும் அப்படியே இருந்தன.

திருத்தவில்லை, மயிலு. ஒரு பாடத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. இருமல், குக்கர் விசில், எல்லாவற்றோடும் பட்டறையில் உட்கார்ந்தபடியே கவிதாவுக்கு அனுப்பினேன். விழித்திரையில் நான் செய்த தவறை மட்டும் போனில் சொன்னேன். "அதைய நான் கண்டுபுடிச்சிருப்பனுங்க டீச்சர்" என்றாள். குரல் திரும்பி வந்திருந்தது.

இங்கே உன்னிடம் ஒரு வார்த்தை. பதினெட்டு வருடம் நீ செல்வியை வாசல் மேசையிலேயே உட்கார வைத்திருந்தாய். போன் எடுக்க, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க. "பொம்பளைக்கு எதுக்கு அக்கா கிரீஸ் கை" என்று நீ சொன்னபோது நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தவள்தான். ஆனால் உள்ளே நீ தட்டியதையும் சுழற்றியதையும் அவள் அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எந்தச் சத்தம் எந்தக் கோளாறு என்று பாராமலே தெரிந்து வைத்திருக்கிறாள். நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே. நாம் ஏன் கேட்கவில்லை?

தேர்வு போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கவிதா சொல்லச் சொல்ல எழுத ஒருவரைக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் எனக்குத்தான் முதல் போன்.

"டீச்சர், நீங்க சொன்ன படத்துல இருந்தே ஒரு கேள்வி வந்துச்சுங்க!"

"பருப்பா, பணியாரமா?"

"பணியாரமுங்க! கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எழுதறவங்க பயந்துபோயிட்டாங்க."

முடிவு இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும். தெரிந்ததையெல்லாம் எழுதிவிட்டேன் என்கிறாள். அதற்குமேல் ஒரு வாத்தியாருக்கு என்ன வேண்டும்?

போனை வைக்கும் முன் அவள் இன்னொன்று கேட்டாள். அவர்கள் தோப்புக் கிணற்று மோட்டார் எரிந்து கிடக்கிறதாம். உடுமலையில் இல்லாத பட்டறையா? ஆனாலும் மடிக்கணினியை எழுப்பியவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று அவள் அப்பாவிடம் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாளாம்.

"எங்கப்பா வண்டியில போட்டுக் கொண்டாருவாருங்க. அந்த அக்காகிட்டதான் குடுக்கோணும்னு சொல்லிருக்கறேன். போர்டுல அவங்க பேரு என்னன்னு போட்டிருக்குமுங்க?"

பலகையில் உன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. வழியைச் சொன்னேன், அடையாளத்துக்குப் பக்கத்து மருந்துக் கடையைச் சொன்னேன். பெயருக்கு மட்டும், "வந்து செல்வின்னு கேக்கச் சொல்லு" என்றேன்.

மறுநாள் செல்வியிடம் பலகையைப் பற்றிப் பேசினேன். "அவரு பேரே இருக்கட்டுங்க, எனக்கெதுக்குங்க" என்று மோட்டாருக்குள் தலையை விட்டுக்கொண்டாள். வேண்டாம் என்றால் நிமிர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டியதுதானே? முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளைப் பார்த்தவளுக்கு இது தெரியாதா?

பெயின்டரிடம் சொல்லிவிட்டேன். புதன்கிழமை வருகிறார். உன் பெயரில் ஓர் எழுத்தைக்கூட அழிக்க விடமாட்டேன். அதன் பக்கத்திலேயே, அதே உயரத்தில், அதே சிவப்பில், செல்வியின் பெயரை எழுத வைப்பேன். கவிதாவின் அப்பா வரும்போது அது காய்ந்திருக்கும். இது உன் அக்கா உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னால் இருக்கிற
உன் அக்கா,
ராஜாமணி