துரையும் கேட்டுக்கொண்டிருந்தான்

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு வேறு நினைப்பே இல்லை. அப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. லிஃப்ட் ரிப்பேருக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் எட்டாவது மாடியில்தான் இருக்கிறார்கள், நான் படியேறித்தான் போக வேண்டியிருக்கிறது என்று புலம்புகிறார். உன் தம்பி துரையைச் சலவைக்கூடத்தில் புது ஆட்கள் இரண்டு பேருக்கு விரிப்பு மடிக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அவனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். போன வாரம் போனில் அழுதாய். துரைக்கு இருக்கிற அதே டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கும் இருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனையில் வந்திருக்கிறது, வயிற்றில் ஊசி போட்டு உறுதி செய்ய அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள், கலைப்பதற்கும் அதே மூச்சில் தேதி கொடுத்துவிட்டார்கள் என்றாய். பிறகு, 'அப்பவே தெரிஞ்சிருந்தா துரையைப் பெத்திருப்பியாம்மா?' என்று கேட்டாய். பெற்றிருப்பேன், இதென்ன கேள்வி என்று நானும் பட்டென்று சொல்லிவிட்டேன். அது பொய்யடி. எனக்குத் தெரியாது. அவன் பிறந்து இரண்டு நாள் நான் அவன் பக்கம் திரும்பிக்கூடப் படுக்கவில்லை, அப்பாதான் தூக்கி வைத்திருந்தார். அப்படி இருந்தவளிடம் முன்னாலேயே கலைக்கச் சம்மதம் கேட்டு ஒரு தாளை நீட்டியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேனோ என்னவோ. இதய ஆபரேஷன், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வாசலில் நின்றது, எதையும் பூசி மெழுக மாட்டேன், பட்டது பட்டதுதான். ஆனால் வரக்கூடிய நோய்களையெல்லாம் பட்டியல் போட்டு உன் டாக்டர் கொடுத்த தாளில் இது இருக்காது: போன தேர்தலில் வாக்குச்சாவடி அதிகாரி, இவனுக்கும் சேர்த்து நீங்களே போட்டுவிடுங்கள் என்று என்னிடம் சொன்னார், இவன் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தானே போய்ப் போட்டான். யாருக்கென்று இன்றுவரை சொல்லவில்லை, கல்லுளிமங்கன்.

இன்னொன்று, திட்டாதே. தையல் மெஷினில் உட்கார்ந்தால் போனை ஸ்பீக்கரில் போடுவேன், உன் குரலை அவனும் கேட்கட்டும் என்று நாமே பழக்கியதுதான். அன்று ஒரு பேன்ட்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தேன், அணைக்க மறந்துவிட்டேன். பக்கத்து அறையில் சீருடைக்கு இஸ்திரி போட்டபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். மூன்றாம் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நீ கேட்டதையே கேட்டான். அவன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை, தெரியலைடா என்றேன். 'சரி, அப்போ தெரியலை. இப்போ?' என்றான். இப்போது தெரியும் என்று சொல்லிவிட்டு அழுதேன். அவன் மெஷின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கூடவே உட்கார்ந்திருந்தான்.

பெற்றுக்கொள் என்றும் சொல்ல மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன், சுமக்கிறவள் நீ. டாக்டரோ மாமியாரோ நானோ யாரும் உன்னை விரட்ட விடாதே. எங்களுக்குப் பிறகு துரையும் உன் பொறுப்பு என்ற பயத்தையும் இதில் கலக்காதே, அவனை உன் தலையில் கட்டும் எண்ணம் எங்களுக்கு இல்லை. வேலை செய்யும் இடத்துச் சிநேகிதர்களோடு தனிவீடு எடுக்கப் போகிறானாம், நான் வாரம் ஒருநாள் வந்து பார்க்கலாமாம், துரை உத்தரவு கொடுத்திருக்கிறார்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு மூன்று தடவை போன் செய்தாய், ஒரு தடவைகூட அவனைக் கூப்பிடச் சொல்லவில்லை. இவனைப் போல ஒரு பிள்ளை என்றால் எப்படியிருக்கும் என்று டாக்டரைக் கேட்டாய், என்னைக் கேட்டாய், கம்ப்யூட்டரைக் கேட்டாய், அவனைக் கேட்கவில்லையே. ஊசி போடப் போவதற்கு முன்னால் கேள், கஷ்டத்தையும் சேர்த்தே சொல்வான். நீ எதை முடிவு செய்தாலும் அவனிடம் நீயே சொல்ல வேண்டும், நான் தூது போக மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, மாத்திரையை மறக்காதே, கண்டதையும் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. எது வந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இருவரின் ஆசி. துரைக்கு வேலை மூன்று மணிக்கு முடியும். அக்கா மேல் கோபமா என்று கேட்டேன். 'கோபந்தான். ஆனா போன் பண்ணா எடுப்பேன்' என்றான்.

உன்னையும் அவனையும் பெற்ற,
அம்மா