கம்பி கழற்றிய சனிக்கிழமை

குரோருட், நோர்வே,
ஒக்டோபர் 2006

அன்பு மகளுக்கு,

பதில் போடாவிட்டாலும் இதை வாசித்து முடி.

நேற்று எங்கள் பொன்சாய்ச் சங்கம் கூடியது. குட்டி மரங்களின் கிளைகளை வளைக்கச் சுற்றிய கம்பிகளைக் கழற்றி, உறைபனிக்கு முன் தொட்டிகளைக் கொட்டகைக்குள் வைப்பது ஒக்டோபர் வேலை. என் பைன் மரத்தில் கம்பி பட்டைக்குள் இறங்கியிருந்தது. புதிதாக வந்திருந்த ஒரு பெண்மணி குறடு எடுத்து, பட்டை நோகாமல் ஒவ்வொரு சுற்றாக நறுக்கித் தந்தார்.

வேலை முடிந்ததும், "நான் சிசெல். உங்கள் மருமகனுடைய அம்மா" என்றார் நோர்வேஜியனில்.

எழுந்து போய்விட நினைத்தேன். அவர் ஒரு படத்தை மேசையில் வைத்தார். உன் மகள். நெற்றி அப்படியே உன் அம்மாவினுடையது.

"கல்யாணத்துக்கு வராததற்கு, அன்று மரங்களைத் தொட்டி மாற்ற இருந்ததாகச் சொன்னீர்களாம். நானும் மே மாதத்தில்தான் மாற்றுவேன். ஒரு நாள் தள்ளிப்போனால் எந்த மரமும் சாகாது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

மகளே, அன்று நான் ஒரு தொட்டியையும் தொடவில்லை. கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு மாலை வரை கதிரையில் இருந்தேன். வெள்ளைக்காரனுக்குக் கொடுத்துவிட்டான் என்று சனம் கதைக்கும் என்ற பயம் என்னை எழும்ப விடவில்லை. அம்மா தனியே வந்தாள்.

நேற்று அவளிடம் இதைச் சொன்னேன். "எனக்கேன் சொல்லுறியள்? பிள்ளைக்கு எழுதுங்கோ" என்றாள்.

நவம்பர் முதல் ஞாயிறு பேத்திக்கு ஞானஸ்நானம் என்று சிசெல் சொன்னார். நீ கூப்பிடாமல் வரமாட்டேன். கூப்பிட்டால், பிள்ளையைக் கையில் வாங்குவதற்கு முன் எல்லோர் முன்னும் உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன்.

அப்பா