பின்னால் நகர்ந்த நட்சத்திரம்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் உடம்பளவில் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்பாய், அந்தப் பொய்யைத் தாளிலும் படிக்க வேண்டாம். நீ அனுப்பிய ஆய்விதழ் வந்தது. நம் பால்வீதியின் நடுவில் இருக்கும் பெருங்கருந்துளையின் எடை பற்றிய கட்டுரை, மேலே உன் பேராசிரியர் பெயர் மட்டும். உன் பெயர் கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்லும் பத்தியில், குளிர்சாதனம் பழுதுபார்த்தவருக்கு அடுத்து. ஆறு வருடம். துளை கண்ணுக்குத் தெரியாது, சுற்றி ஓடும் நட்சத்திரத்தின் ஓட்டத்தை வைத்துத்தான் எடை போடணும் என்று நம் சமையலறை மேசையில் எலுமிச்சையை உருட்டிக் காட்டியது நீயா, அவரா? போனில் கேட்டதற்கு, "விடும்மா, சிபாரிசுக் கடிதம் அவர்தான் தரணும்" என்கிறாய். உன் அப்பா ஒத்து ஊதுகிறார், பொறுத்தார் பூமி ஆள்வாராம். "உங்க மக பூமியத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல, அவளுக்கு அது எதுக்கு?" என்றேன். செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

பிறகு, நட்சத்திரம் எந்த நாளில் எங்கே இருந்தது என்ற அட்டவணையைப் படித்தேன். எண்களைக் கீழிருந்து மேலே படிப்பது எங்கள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர்களின் பழக்கம், கண் தாவாது. பதினேழாவது வரியில் நட்சத்திரம் ஓரடி பின்னால் போய் மறுபடி முன்னால் வருகிறது. உன் பழைய பிரதியைத் தேடி எடுத்தேன். போன வருடம் நீ எனக்கு அனுப்பிய முதல் பிரதியிலும் அதே பதினேழு, இரண்டு வரிகளை இடம் மாற்றி அடித்திருந்தாய். "நட்சத்திரம் ரிவர்ஸ் எடுக்குதா?" என்று ஓரத்தில் சிவப்பில் எழுதினேன். நீ திருத்திவிட்டாய். அவரிடம் முன்பே கொடுத்த பிரதியில் திருத்தம் ஏது? பிழையோடு சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறார் மகானுபாவர்.

நான் சிவப்பில் எழுதிய அந்தத் தாளில் பழக்கதோஷத்தில் அன்றே தேதி முத்திரை குத்தியிருந்தேன். நகல் இதனுடன், அசல் என்னிடம். இதழாசிரியருக்கு நீ எழுது. வேலை போகலாம். தெரிந்துதான் சொல்கிறேன். போனால் வீட்டுக்கு வா, உன் அறையில் துணி காயப்போட்டிருக்கிறேன், எடுத்துவிடுகிறேன். இரண்டு வாரம் பொறுப்பேன், பிறகு நானே எழுதுவேன். முதல் வரி தயார்: அட்டவணையில் உள்ள பிழை என் மகளுடையது.

நிமிர்ந்து இரு, நீண்ட நாள் இரு. மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, மாற்று.

கோபம் தணியாத,
அம்மா