அதிக வேலை வைக்கும் பெட்டி

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே நலமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை நலம் என்று நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை, முதலில் எழுத்தைப் பார், பிறகு படி. வரி ஏறி இறங்கிக் கோணலாகப் போகிறது, ஆனாலும் யார் எழுத்து என்று உனக்கே தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள், வலது கையால். போனில் சொன்னால் நீ நம்ப மாட்டாய், எதைக் கேட்டாலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லுகிற ஆள்தானே நான், அதனால்தான் காகிதத்தில் அனுப்புகிறேன்.

எனக்கு வருடத்தை எண்ணில் சொல்லத் தெரியாது. ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் சாய்ந்து பஸ் எல்லாம் ஊரைச் சுற்றிப் போன வருடம், உன் பெரியப்பா சைக்கிள் வாங்கி, வாங்கிய அன்றைக்கே பறிகொடுத்துவிட்டு நடந்து வந்த வருடம், அந்த வருடம்தான் உன் அம்மா தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சைக்கிள் கதையெல்லாம் எதுக்கு இழுக்கறீங்க, காகிதம் தீருது என்கிறாள், சொல்லிக்கொண்டே எழுதியும் விட்டாள். அன்று பிடித்த ஊசியை இந்த மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து வலது கை மடங்கும் வரை அவள் கீழே வைத்ததில்லை. கை மடங்கியதை விட, நீ போனில் மாதக் கடைசியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாயே, அதுதான் அவளைப் படுக்க வைத்தது. அன்று சாப்பிடவில்லை. என் கை போனது போதாதா, அவ காலையும் நான் கட்டிப் போடணுமா என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பயிற்சி கொடுக்க வருகிற பெண் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து சின்னப் பொருளைப் பிடித்தால்தான் கை திரும்பும் என்று ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள், பந்து உருட்ட நான் என்ன கைக்குழந்தையா என்று உன் அம்மா அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டாள்.

அப்போதுதான் நீ துண்டுகளை ஒட்டிக் குட்டி வீடு செய்கிற கிட் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பினாய். உன் யோசனை நல்ல யோசனை அம்மாடி, நீ சொன்ன கம்பெனிதான் தப்பு. பெயர் படிக்கத் தெரியாததால் பெட்டி மேல் இருக்கிற படத்தை வைத்துத்தான் எனக்குக் கணக்கு. நீ சொன்னது கிரீடம் மார்க். லிஃப்ட் வைத்த கட்டடத்தில் இருக்கிறது அந்தக் கடை. அந்த விலைக்கு நிஜ மனிதர் உட்காரும் நாற்காலியே நாலு வாங்கலாம். விற்கிற பெண் பெருமையாக, வேலையே இல்லைங்க ஐயா, சுவரெல்லாம் வண்ணம் பூசியே வந்துடும், நாற்காலி மேசைகூட ரெடிமேட், எடுத்து மாட்டினா முடிஞ்சுது என்றாள். அந்த வேலையைத்தானம்மா நான் வாங்க வந்திருக்கேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். நடைபாதைக் கடையில் இலை மார்க், கால்வாசி விலை, எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்றான், ஆசையாக வாங்கி வந்தேன். மரத்தகடு பிஸ்கட் மாதிரி, பசை பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி. முதல் சுவரை உன் அம்மா தொட்டதும் பிளந்துவிட்டது. தகடுதான் மட்டம் என்று அவளுக்குத் தோன்றவில்லை, பொம்மை வீட்டுக்குக்கூட என் கை லாயக்கில்லை என்று பெட்டியைத் தள்ளிவிட்டாள். நானும் ஒன்றை எடுத்தேன், என் கையிலும் உடைந்தது, வேணும்னே உடைக்கறீங்க என்றாள்.

பிறகு ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற பேனா பென்சில் கடைக்குப் போனேன். கடைக்காரரிடம் எது நல்லது எது மலிவு என்று கேட்கவில்லை, இந்தப் பெட்டிகளில் எதை ஜனங்கள் அதிகமாகத் திருப்பிக் கொண்டு வருகிறார்கள் என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார், ஐயா நீங்க ஏதாவது ஆபீசரா என்றார். ஆபீசர் முகமா இது என்றதும் சிரித்துவிட்டு ஏணி மார்க்கை எடுத்து வைத்தார். மரம் கெட்டி, பசை சட்டென்று பிடிக்கும், விலை நடுத்தரம், ஆனால் கண்டில் நூல் சுற்றுவது முதல் நாற்காலிக் கால் ஒட்டுவது வரை எல்லாம் பொறுமையைச் சோதிக்கிற வேலை, வாங்கியவர்கள் திட்டிக்கொண்டே வருகிறார்கள் என்றார். அப்படித் திரும்பி வந்த ஒன்று, பிரித்தது, பாதி விலைக்குக் கிடைத்தது. இதை மறுபடி எடுத்துக்க மாட்டேன் என்றார், நான் கொண்டு வந்தா என்னைக் கடைக்குள்ளயே விடாதீங்க என்றேன்.

அது ஒரு குட்டித் தையல் கடை. நான் தேடி எடுக்கவில்லை, இருந்தது அது ஒன்றுதான். உன் அம்மாவுக்கு எதிரே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள், பிறகு நேராகப் பார்த்தாள், பிறகு ஒரு சத்தம். எந்தக் கிறுக்கன் மெஷினுக்குச் சக்கரத்தை இடது பக்கம் ஒட்டினான் என்றாள். முன்னால் வாங்கியவர் பாதி செய்து கைவிட்டபோது தப்பாக ஒட்டியிருக்கிறார். அவளால் அதைப் பொறுக்க முடியவில்லை. பெட்டியில் இருந்த இடுக்கியை எடுத்து அந்தக் கடுகளவு சக்கரத்தைப் பிடித்துக் கிள்ளி எடுத்துவிட்டாள். எந்தக் கையால் என்று அவளுக்கே தெரியவில்லை. நான் வாயைத் திறந்திருந்தால் கீழே போட்டிருப்பாள். திட்டிக்கொண்டே வலது பக்கம் ஒட்டினாள், வலது கையால்! அதற்குப் பிறகு அவளிடமிருந்து பெட்டியைப் பிடுங்கித்தான் சோறு போட வேண்டியிருந்தது. நூல் கண்டு அத்தனையும் அவளே சுற்றினாள், நகத்தளவு துணியில் சட்டைக்குக் காலர் வைத்தாள். நேற்று பயிற்சிப் பெண் வந்தபோது குட்டி விளக்கைப் போட்டுக் காட்டினோம், அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள், மாடி வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று இறங்கி வந்துவிட்டார்கள்.

ஆகையால் நீ வேலையை விடுகிற அந்தக் காகிதத்தை எழுதிக் கொடுக்காதே, எழுதியிருந்தால் கிழித்துப் போடு. அத்தனை வருடம் உழைத்து வாங்கிய நாற்காலி அது, விடுமுறைக்கு வந்து பார், போதும். வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. இன்னொரு கிட் அனுப்புவதானால் ஏணி மார்க், கிரீடத்தின் பக்கம் போகாதே. குறைவில்லாமல் வாழ்ந்து நாலு பேருக்கு நிழலாக இருக்க வேண்டும் நீ. கீழே இருக்கிற கோடு கையெழுத்துக்குப் பதிலாக நான் போட்டது.

இப்படிக்கு,
அப்பா

இன்னும் ஒன்று. குட்டிக் கடையில் நாற்காலிகளை ஒட்டும்போது உன் அம்மா ஒவ்வொன்றுக்கும் தான் வேலை செய்த கடையின் ஆள் ஒருவரைச் சொன்னாள். வெட்டுகிற மேசைக்கு மாஸ்டர், ஜன்னலோரம் காலர் அக்கா, அவளோடு ஓயாமல் சண்டை போடுகிற, பட்டன் துளை தைக்கிற காஜாக்காரர், கதவருகே இஸ்திரி அண்ணன். எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தக் கடையில் உட்கார்ந்து தைத்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது ஒரே ஒருத்திதான். அவளைப் பற்றி இன்னும் நாலு வரி சொல்கிறேன், எழுத மாட்டேன் என்கிறாள். கையெழுத்தாவது போடு என்றேன்.

அம்மா