வாசல் டப்பாவுக்குப் போன மூன்றெழுத்து

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அக்காவும் மாப்பிள்ளையும் சுகம். நீயும் சுகமாக இரு, இதைப் படித்து முடிக்க உடம்பில் தெம்பு வேண்டும். போனில் பேசினால் நாலாவது வார்த்தையிலேயே சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். அக்கா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

செவ்வாய்க்கிழமை நான் கடையில் தையல்காரருக்கு ஜிப் அளந்துகொண்டிருந்தபோது நீ கூப்பிட்டு, "அம்மா, உன் போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும், அத மட்டும் சொல்லு" என்றாய். நல்லவேளை, மூக்குக்கண்ணாடியைக் காணோம். கையில் இருந்திருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன். எதுக்குடா என்றேன். இன்டர்நெட்டில் நம் கடைக்கு இருக்கிற மூன்றெழுத்து முகவரியை, அந்த டொமைனை, ஒருத்தன் கேட்டான், தருவதாகச் சொல்லிவிட்டேன், அவன் பேருக்கு மாற்ற அந்த நம்பர் வேண்டும் என்றாய். என்ன விலை என்றேன். ஒரு ஸ்கூட்டர் விலையைச் சொன்னாய், அதையும் என்னவோ சாதித்துவிட்ட குரலில். சாயங்காலம் மாப்பிள்ளையிடம் சொன்னேன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மனுஷன், சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார். "அத்தை, அந்த நம்பரச் சொல்லிட்டீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். ஆங்கில எழுத்து இருபத்தாறுதானாம், எப்படி மாற்றி மாற்றி அடுக்கினாலும் மூன்றெழுத்தில் 'காம்' என்று முடிகிற பெயர் உலகத்துக்கே பதினேழாயிரத்துச் சொச்சம்தான் வருமாம், அத்தனையையும் எப்போதோ ஆள் ஆளுக்குப் பிடித்துவிட்டார்களாம். எனக்கு அதற்குமேல் பாடம் வேண்டியிருக்கவில்லை. நீளமான பெயர் தெருவுக்குள் இருக்கிற கடை, எத்தனை வேண்டுமானாலும் கட்டிக்கொண்டே போகலாம். இது நாலு ரோடு சேர்கிற முக்குக் கடை. நாலுக்கு மேல் ஐந்தாவது முக்கை யார் கொண்டுவர முடியும்? அதுபோன்ற பெயர்கள் விற்ற விலையை மாப்பிள்ளை எடுத்துக் காட்டினார். இருப்பதிலேயே குறைந்த விலைக்குக்கூட நம் கடை இருக்கிற இடத்தையே வாங்கிவிடலாம். கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் போன மாதம் வந்து, வருஷக் கடைசிக்குள் வாங்கினால் உங்களுக்கு, இல்லாவிட்டால் மருந்துக்கடைக்காரருக்கு என்று சொல்லிவிட்டுப் போனது உனக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். தெரிந்தும் முப்பது வருஷக் கடையை ஒரு ஸ்கூட்டரில் ஏற்றி அனுப்பிவிட்டாய்.

எனக்கு வயிறு எரிகிறது. பத்து வயசில் நீ என்ன செய்வாய் தெரியுமா? கோட்டில் ஒரு பட்டன் அறுந்து வருகிறவரிடம், மற்ற ஐந்தும் கெட்டியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வாய். ஐந்து நன்றாக இருந்தால் அவருக்கு அதே பட்டன்தான் வேண்டும், வேறு வழியில்லை என்று உனக்குத் தெரியும். யாரும் சொல்லித்தரவில்லை. அந்தப் புத்தியை எந்த விமான நிலையத்தில் வைத்துவிட்டுப் போனாய்? முன்பின் தெரியாத ஒருத்தன் தானாகத் தேடி வந்து ஒரு பொருளைக் கேட்கிறான் என்றால், ஏன் கேட்கிறான் என்று ஒரு நாள் யோசிக்கக் கூடாதா? இதைக் கேட்டதற்கு நீ சொன்ன பதில்தான் இன்னும் என் காதில் இருக்கிறது. "வாசல் டப்பா மறந்துபோச்சாம்மா? அந்த வெப்சைட்டத் தொறந்தே ஏழு வருஷம் ஆச்சு. நீயே விலை சொல்லுன்னு அவன்கிட்ட சொன்னேன். நீ போட்ட ரூல்தானே?"

ஆமாம், நான் போட்டதுதான். இரண்டு வருஷம் நகராத சரக்கு வாசலில் இருக்கிற பிஸ்கட் டப்பாவுக்குப் போகும், வருகிறவர் சொல்வதே விலை, பேரம் கிடையாது, சொன்ன பிறகு மாற்றுவதும் கிடையாது. ஆனால் டப்பாவில் எதைப் போடுவது என்று தீர்மானிப்பது என் கைடா! ஒவ்வொரு பட்டனையும் உருட்டி, பல்லில் தட்டி, சிப்பியா பிளாஸ்டிக்கா என்று சத்தம் கேட்டுத்தான் போடுவேன். நீ தட்டிப் பார்த்தாயா? காலேஜில் உன் சிநேகிதனிடம் சைக்கிளைக் கொடுத்துவிட்டு அந்த மூன்றெழுத்தை வாங்கி வந்தபோது, ஓட்ட முடியாததை வாங்கி வந்திருக்கிறானே என்று உன்னை ஒரு வாரம் திட்டினேன். அதற்கு வேண்டுமானால் இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். இப்போது திட்டுவதற்குக் கேட்கமாட்டேன்.

அந்த டொமைன் உங்கள் பெயரில்தான் பதிவாகி இருக்கிறது, மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள், யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்றார் மாப்பிள்ளை. இரண்டு நாள் நானும் அந்த முடிவில்தான் இருந்தேன். மூன்றாம் நாள் சிப்பிப் பட்டன் அட்டையைத் துடைக்கும்போது கோட்டுக் கம்பெனி முதலாளி ஞாபகத்துக்கு வந்தார். உனக்குச் சொன்னதில்லை. நான் வீடு வீடாக ஊசி நூல் விற்ற காலத்தில் அவர் கம்பெனியை மூடினார். மூலையில் நாலு மூட்டைப் பட்டன். பல்லில் தட்டினேன், அத்தனையும் விலை கூடின சிப்பி. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் விலைக்குக் கேட்டேன். "எடுத்துக்கம்மா" என்றார். அந்த மூட்டையில்தான் நம் கடை பிறந்தது. இரண்டு வருஷம் கழித்து அவரே கடைக்கு வந்தார். கண்ணாடிப் பெட்டியில் இருந்த பட்டனைப் பார்த்தார், விலைச்சீட்டைப் பார்த்தார். ஆறு பட்டன் கேட்டு, முழு விலை கொடுத்து வாங்கிக்கொண்டு, "நான்தானேம்மா தட்டிப் பாக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் மூட்டையைத் திருப்பிக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? மாட்டேன். சொன்னால் சொன்னதுதான் ஐயா என்று சொல்லியிருப்பேன். அதை எனக்கே சொல்லிக்கொள்ள மூன்று நாள் ஆனது.

அதனால் நம்பரைத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மறுபடி வரவழைத்துவிட்டு எனக்குப் போன் செய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்கு முன்னால் அந்த ஆளுக்கு ஒரு வரி எழுது: விலை தெரிந்துதான் கொடுக்கிறோம், சொன்ன சொல்லுக்காகக் கொடுக்கிறோம் என்று. அவனும் எங்காவது உட்கார்ந்து யோசிக்கட்டும். கட்டடக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன், என் வாய்க்கு இன்னும் வயசாகவில்லை. உன் பொறுப்பில் நம் கடையுடையது வேறு என்னென்ன இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பு. வாசல் டப்பாவை நேற்றே கல்லாவுக்குக் கீழே இழுத்து வைத்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், நீண்ட நாள் நன்றாக இரு. யார் எதைக் கேட்டாலும் முதலில் பல்லில் தட்டிப் பார்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உன் அம்மா