வெப்ராளத்துக்கு மதிப்பெண்

உன் நினைவுக் கூட்டத்தில் நான் மேடையேறி, ஒன்றும் பேசாமல் இறங்கிவிட்டேன். துக்கத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று நம்மோடு வேலைபார்த்த ஆசிரியைகள் சுசீந்திரம்வரை சொல்லித் திரிகிறார்கள். அது சரியல்ல. என் தொண்டையில் ஒரு குறையும் இல்லை. பொறாமையில்தான் பேசவில்லை. செத்துப்போனவள்மேல் பொறாமைப்படக்கூடாது என்று எனக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை.

அங்கே எல்லோருக்கும் கொடுத்த தாள் இப்போது என் மேசையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டின் அடியில் கிடக்கிறது. "வெப்ராள அளவுகோல்" என்று தடித்த எழுத்தில் தலைப்பு. அதன்கீழ் உன் பெயர். பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் ஆலோசகர் பெண், தேர்வுக்குமுன் பிள்ளைகளின் பயத்தை அளக்க இன்றும் இதைத்தான் கொடுக்கிறோம் என்று மைக்கில் பெருமையாகச் சொன்னாள். இருபது வாக்கியங்கள். இருபதும் நான் எழுதியவை. "கேள்வித்தாளை வாங்கும்போது என் கை சில்லிட்டுப்போகும்." "படித்ததெல்லாம் மறந்துவிட்டதுபோல் தோன்றும்." ஒருபோதும் இல்லை, சில நேரம், பல நேரம், எப்போதும் என்ற விடைகளும், பூஜ்யத்தில் தொடங்கும் அவற்றின் மதிப்பெண்களும் நான் வகுத்தவை. நீ மாற்றியது ஒரே ஒரு சொல்.

ஆசிரியர் அறையில் அந்த மத்தியானம் உனக்கு நினைவிருக்கும். என் எம்.எட். ஆய்வுக்காகப் பிளஸ் டூ பெண்கள் நிரப்பித் தந்த தாள்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பயமே அறியாத வகுப்பாக இருந்தது. "தேர்வு நெருங்கும்போது எனக்குப் பதற்றம் உண்டாகிறது" என்ற முதல் வாக்கியத்துக்கு எல்லோரும் "ஒருபோதும் இல்லை" என்று குறித்திருந்தார்கள். கொட்டாரத்திலிருந்து வரும் ஒருத்தி ஓரத்தில், "எங்கள் ஊரில் பதற்றம் இல்லை, பஸ் ஓடுகிறது" என்று விளக்கம்வேறு எழுதியிருந்தாள். அதை வாசித்த நீ சோற்றுப் பாத்திரத்தை மூடிவைத்துவிட்டுச் சிரித்தாய்.

"ஏட்டி, பதற்றம்னா பேப்பர்ல வருததுலா. கடையடைப்பு, போலீஸ் குவிப்பு, பதற்றம் நிலவுகிறது. பிள்ளையளுக்கு வருதது வெப்ராளம். அதக் கேளு, சொல்லும்."

அது உங்கள் குழித்துறைப் பக்கத்துப் பேச்சு, தாளில் ஏறாது என்றேன். கன்னியாஸ்திரீகளிடம் படித்த எனக்கு, வாயில் வருவதெல்லாம் எழுத்தில் வரலாகாது என்பது இன்றும் விதிதான். மறுநாள் என் கணக்கு வகுப்பில் புகுந்து, உன் ராகம் போட்ட பேச்சில், யாருக்கெல்லாம் வெப்ராளம் வரும் மக்கா என்று கேட்டாய். கைகள் எழுந்தன. என்னிடம் வருடம் முழுவதும் வாய் திறக்காதவர்கள், வயிறு கலங்குவதையும் எழுத்துகள் கண்ணுக்குமுன் நெளிவதையும் உன்னிடம் முந்திக்கொண்டு சொன்னார்கள். எனக்கு அங்கேயே எரிந்தது. ஆனாலும் சொல்லை மாற்றினேன்; நான் பிடிவாதக்காரிதான், முட்டாளல்ல. மறுபடி நிரப்பச் சொன்னபோது எல்லாத் தாள்களிலும் மதிப்பெண் ஏறியது, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று என் மகள் ஜெசியுடையது. அவளும் அதே வகுப்பில்தான் இருந்தாள். முதல் தடவையும் பூஜ்யம், இரண்டாம் தடவையும் பூஜ்யம். வகுப்பிலேயே பயமில்லாத பிள்ளை என்னுடையவள் என்று உன்னிடம் தாளை நீட்டினேன். நீ அதை வாங்கிப் பார்த்தாய்.

"எல்லாத்துக்கும் பூஜ்யம் போட்டவளுக்குத்தாண்டி கூடுதல் வெப்ராளம்" என்றாய்.

உனக்கு என்மேல் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பல வருடங்கள் அதை வைத்துக்கொண்டு உன்னைப் பெருந்தன்மையாக மன்னித்துவந்தேன்.

மஸ்கட்டிலிருந்து ஜெசி உனக்காகவே வந்தாள். அவளுடைய அப்பாவின் அடக்கத்துக்கு விமானம் கிடைக்கவில்லை. உன் கூட்டத்துக்கு முந்தின நாளே வந்து நின்றாள். மேடையில் அவள் சொன்னது இது. கணக்குப் பரீட்சை அன்று காலை, பள்ளிக் குழாயடியில் வாந்தி எடுத்தாளாம். பின்வாசல் வழியாக வீட்டுக்குப் புறப்பட்டவளை நீ பிடித்து நிறுத்தி, முகம் கழுவிவிட்டு, காதில் ஏதோ சொன்னாயாம். அதன்பிறகுதான் ஹாலுக்குள் போனாளாம். அதற்குச் சற்றுமுன்புதான் பள்ளி வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்துவிட்டு உள்ளே போயிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தேன்.

அடுத்ததாக என்னை அழைத்தார்கள். ஏறினேன், இறங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும், குழாயடியில் டீச்சர் என்ன சொன்னாள் என்று ஜெசியிடம் கேட்டேன்.

"அது எனக்கும் டீச்சருக்கும் உள்ளதாக்கும் அம்மா."

வாசலில் நின்ற அம்மாவிடம் வந்து சொல்லியிருக்கலாமே என்றேன். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னாள்: "உங்கட்ட எப்படிச் சொல்ல? நீங்க அதுக்கும் மார்க் போடுவிய."

மிச்சத் துணியை நான் மடித்துக் கொடுத்தேன்.

அவள் போய்விட்டாள். என் வீட்டுக்காரர் போனபின் என் முகத்துக்கு நேரே தவறு என்று சொல்ல நீ ஒருத்திதான் இருந்தாய். இப்போது நீயும் இல்லை. என் அளவுகோலை நீ எடுத்துக்கொண்டதைக்கூடப் பொறுப்பேன். தலைப்பைத் திருத்தச் சொல்லிப் பள்ளிக்கு எழுதத்தான் போகிறேன். என் மகளின் அந்த ஒரு காலையை எடுத்துக்கொண்டு போய்விட்டாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

உன் சொல்லைத் தாளில் ஏற்றியவள் நான். வாயால் இதுவரை சொன்னதில்லை. இன்று காலை ஜெசியின் போன் அழைப்புக்குக் காத்திருந்தபோது, தனியாக உட்கார்ந்து ஒருமுறை சொல்லிப்பார்த்தேன். வெப்ராளம். சரியான சொல்தான்.

பிறகு அந்தத் தாளை நானே நிரப்பினேன், தேர்வு என்று வரும் இடத்திலெல்லாம் அவளுடைய அழைப்பை வைத்துக்கொண்டு. கை சில்லிடுமா? ஒருபோதும் இல்லை. வெப்ராளம் உண்டா? ஒருபோதும் இல்லை. இருபதுக்கும் அப்படியே குறித்தேன். கூட்டினால் பூஜ்யம். அதை எப்படி வாசிப்பது என்று உனக்குத் தெரியும்.

குழாயடியில் அவள் காதில் என்ன சொன்னாய்? எழுதி அனுப்பு. ஒரு வரி போதும். உன் ஊர்ப் பேச்சிலேயே எழுது, நான் திருத்தமாட்டேன்.